எம் நூல்நிலையத்துப் பழங் கணினி

எழுதி வைத்தது நிலைத்திருக்கும் என்பது உலகத்தார் பலர்க்கும் உள்ளதொரு நம்பிக்கை. சற்று ஆராய்ந்து பார்ப்பின், எழுதி வைத்தது தானே நிலைப்பதில்லை என்பதும், காலந்தோறும் ஒருவர் அதனை எடுத்துப் படித்துப் படியெடுத்து வைத்தலினாலேயே நிலைக்கின்றது என்பதும் விளங்கும். நம் முன்னோர் பனையோலையில் எழுதினர். ஓலையைச் செல்லரிக்கும், பூச்சி துளைக்கும், ஆதலின் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதும் வழக்கம் நம் நாட்டில் இருந்து வந்தது. அவ்வழக்கம் தளர்ந்த குடும்பங்களில் ஏடுகள் பரண்மேற் கிடந்து மடிந்தன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டிற் சீவக சிந்தாமணியையும், 1892-ஆம் ஆண்டிற் சிலப்பதிகாரத்தையும், 1894-ஆம் ஆண்டிற் புறநானூற்றையும் அச்சிட்டு வெளிப்படுத்தியதன் பின்னே எத்துணை ஊர்ப் பயணங்களும், எத்துணை ஏட்டுப் பிரதிகளின் ஒப்புநோக்கும் இருந்தன என்பதைத் தமிழ் மாணவர் அறிவர்.

ஓலைக்கு வந்த இடர் கணினிக்கு வாராது என்று யாமும் ஒரு காலத்து எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழையென்பதை எம் கல்லூரி நூல்நிலையத்தின் பின்கட்டிற் கிடந்த ஒரு பழங் கணினி எமக்குக் கற்பித்தது. அதனோடு எமது கவனக் குறைவொன்றையும் வெளிப்படுத்திற்று. பிறர்க்குப் பயன்படும் என்னும் கருத்தினால் அவ்வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

2000-ஆம் ஆண்டில் எம் நூல்நிலையத்திற்கு ஒரு சர்வர் வாங்கினார்கள். பல மேசைக் கணினிகளுக்கும் வேண்டிய செய்திகளைத் தன்பால் வைத்துக்கொண்டு கேட்டபோது எடுத்து வழங்குவதாகலின் அதனை வழங்கி என்று தமிழிற் கூறுவர். பேச்சில் சர்வர் என்பதே பெருவழக்கு. இடுப்பளவு உயரமும் இருவர் கூடித் தூக்கும் எடையும் உடையதாய், விண்டோஸ் என்.டி. 4.0 என்னும் இயக்க முறையைக்கொண்டு அது தொழிற்பட்டது. யுனெஸ்கோ நிறுவனம் நூலகங்களுக்கு விலையின்றி வழங்கிய வின்ஐசிஸ் என்னும் மென்பொருள் அதில் இருந்தது. நூற்பட்டியலைக் கணினியில் ஏற்றும் பொறுப்பு உதவி நூலகர் ஒருவர்பால் ஒப்படைக்கப்பெற்றது.

அப்பெரியவரை யாம் மாணவராயிருந்த நாள்முதல் அறிவோம். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு, அடுக்கு எண் என்பவற்றை ஏற்றுவதே அவருக்கு இடப்பட்ட பணி. அவரோ அதனோடு அமையாது, பழந்தமிழ் நூல் ஒவ்வொன்றையும் தாள் தாளாகப் புரட்டிப் பார்த்துத் தாம் கண்டதை ‘குறிப்பு’ என்னும் தலைப்பின்கீழ் எழுதி வந்தார். “33 முதல் 48 வரையுள்ள பக்கங்கள் இல்லை” என்று ஒன்றிற் காணப்படும். “ஓரங்களில் ஒரு வைத்தியர் தம் கையால் மருந்தளவு திருத்தியிருக்கிறார்; மை மங்கியது; வெயிலிற் பிடித்தாற் படிக்கலாம்” என்று பிறிதொன்றிற் காணப்படும். இந்நூலைத் தந்தவர் இன்ன ஊர்ப் பழைய மாணவர் என்றும், கடைசித் தாளில் எவரோ நெல் விலை எழுதியிருக்கின்றார் என்றும் எழுதியிருப்பார். 2009-ஆம் ஆண்டில் ஓய்வு பெறும்வரை, ஒன்பது ஆண்டுகளில், அவர் எழுதிய குறிப்புகள் 2,312. அவற்றைச் செய்யென்று ஏவினாரும் இலர்; செய்தமைக்குப் பாராட்டினாரும் இலர்.

நிற்க. பழைய சர்வரை அவ்வாறே என்றும் ஓட்டிக்கொண்டிருத்தல் இயலாது. இயக்க முறையை ஆக்கியோர் சில ஆண்டுகளுக்குப் பின் அதற்குத் திருத்தம் வழங்குதலை நிறுத்திவிடுவர், என்.டி. 4.0 சர்வருக்கு 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு அது நின்றது. திருத்தம் நின்ற கணினி, தாழில்லாத கதவையுடைய வீடு போன்றது. 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் வானாக்ரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியபோது, திருத்தம் இடப்பெறாத கணினிகளே அதற்கு இரையாயின. ஆதலின் பழையதைக் கைவிட்டுப் புதியதற்குச் செல்லுதல் வேண்டுவதே. அதிற் பிழையில்லை, செல்லும் முறையிலேதான் பிழை நேர்கின்றது.

2011-ஆம் ஆண்டில் எம் நூல்நிலையத்தைப் புதிய மென்பொருளுக்கு மாற்ற முடிவாயிற்று. நியூசிலாந்து நாட்டில் ஒரு சிறு நூலக அறக்கட்டளைக்கென எழுதப்பெற்று, 2000-ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்து, யாவரும் விலையின்றிப் பெறுமாறு விடப்பட்ட கோஹா என்பதே அப்புதிய மென்பொருள். அது நல்லதென்பதில் எமக்கு இன்றும் ஐயமில்லை. செய்திகளைப் பழையதிலிருந்து புதியதற்கு ஏற்றித் தரும் பணி ஒரு நிறுவனத்தாரிடம் விடப்பட்டது. பணி சரியாக முடிந்ததா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு, கணினித்துறை ஆசிரியராகிய எம்மைச் சார்ந்தது.

வின்ஐசிஸில் ஒவ்வொரு நூல்நிலையத்தாரும் தத்தம் விருப்பப்படி தலைப்புகளுக்கு எண் இட்டுக்கொள்ளலாம். எம் பெரியவர் ‘குறிப்பு’ என்பதற்கு 90 என்னும் எண்ணை இட்டிருந்தார். புதிய மென்பொருளோ மார்க் 21 என்னும் உலகப் பொதுமுறையைப் பின்பற்றுவது. அதிற் பொதுக்குறிப்பிற்கு எண் 500. பழைய எண் எப்புதிய எண்ணிற் சென்று அமரவேண்டும் என்பதற்கு ஓர் அட்டவணை எழுதிக்கொண்டே மாற்றுவார்கள். அந்நிறுவனத்தார் எழுதிய அட்டவணையில் 90 என்பது இல்லை. எழுதாத எண்ணுக்குரிய செய்தி, ஓசையின்றி வழியிலேயே விடப்பட்டது.

யாம் என் செய்தோம்? பழைய கணினியிற் பதிவுகள் எத்துணை என்று கேட்டோம், 14,206 என்றார்கள். புதியதில் எத்துணை என்று பார்த்தோம், 14,206 இருந்தன. இரண்டும் ஒத்தன என்று மகிழ்ந்து, பணி குறைவற முடிந்தது என்று கையெழுத்திட்டுக் கொடுத்தோம். ஒரு பதிவையேனும் திறந்து முழுதும் படித்தோமில்லை. மூட்டைகளை எண்ணி வாங்கி, நெல்லைப் பாராது களஞ்சியத்தைப் பூட்டினவன் செயலை ஒத்தது அது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2023-ஆம் ஆண்டில், பழைய மருத்துவ நூல்களை ஆராயும் மாணவி ஒருத்தி எம்மிடம் வந்தாள். ஒரு வைத்தியர் ஓரக்குறிப்பு எழுதிய நூலொன்று இங்கே இருப்பதாகத் தன் ஆசிரியர் பல ஆண்டுகளுக்கு முன் பட்டியலிற் கண்டதாகவும், இப்பொழுது தேடினாற் கிடைக்கவில்லை என்றும் கூறினாள். யாமும் தேடினோம். குறிப்பு என்னும் இடம் அந்நூலுக்கு வெறுமையாயிருந்தது. அடுத்த நூலுக்கும் வெறுமையே. ஐம்பது நூல்களைத் திறந்து பார்த்தோம், ஐம்பதும் அவ்வாறே. அப்பொழுதுதான் எமது கையெழுத்து எம் நினைவிற்கு வந்தது.

காப்புப்படி இல்லையோ எனின், ஒரு குறுந்தட்டில் எழுதி வைத்திருந்தார்கள். ஈரக்காற்றிற் கிடந்தமையால் அதன் பளபளப்பான படலம் செதில் செதிலாக உரிந்து போயிருந்தது. நிறுவனத்தார் எடுத்துச் சென்ற படியோ அவர்களிடமும் இல்லை. எஞ்சியது, பின்கட்டில் உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே நின்ற அப்பழைய சர்வர் ஒன்றே.

எம்முடன் வந்த மாணவர் இருவரும் ஆர்வ மிகுதியால் உடனே மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாம் என்றனர். யாம் தடுத்தோம். என்னை? பல ஆண்டு உறங்கிய கணினியிற் பலவும் பழுதாயிருக்கும். மூடியைத் திறந்து பார்த்தபோது மின்தேக்கிகள் சில தலை புடைத்து, உள்ளிருந்த திரவம் கசிந்து காய்ந்திருந்தன. அந்நிலையில் மின்சாரம் பாய்ந்தால், வன்தட்டுகளுக்கு ஒவ்வாத மின்னழுத்தம் சென்று, இருப்பதும் கெடும். ஒரே படியாய் எஞ்சியதன்மேற் சோதனை செய்யலாகாது என்பது இத்தொழிலின் முதல் விதி. வன்தட்டுகளைக் கழற்றி, வேறொரு நல்ல கணினியிற் பொருத்தி, எழுதாமற் படிக்க மட்டுமே செய்து, முழுத்தட்டையும் முதலில் அவ்வாறே படியெடுத்துக்கொள்ளவேண்டும். பின்னர்ச் செய்யும் ஆராய்ச்சி யாவும் அப்படியின்மேலேயே நிகழ்தல் வேண்டும்.

வன்தட்டுகள் மூன்று, ஒவ்வொன்றும் 9 ஜிகாபைட் கொள்ளளவின. அவற்றைக் கழற்றுமுன் இருந்த வரிசைப்படி 1, 2, 3 என்று எழுதி ஒட்டினோம். அவை ஸ்கஸி என்னும் பழைய இணைப்பு முறையின ஆதலின் இக்காலக் கணினிகளில் நேரே பொருந்தா. இரவு இரயிலேறிச் சென்னை சென்று, ரிச்சித் தெருவிற் பழைய உறுப்புகள் விற்கும் கடைகளில் அலைந்து, மூன்றாம் நாள் ஓர் இணைப்பு அட்டையும் அதற்கேற்ற வடமும் வாங்கி வந்தோம்.

ஈண்டு ரெய்டு 5 என்னும் அமைப்பைப்பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். ஒரு தட்டுப் பழுதானாலும் செய்தி கெடாதிருக்க, மூன்று தட்டுகளையும் ஒன்றாகப் பிணைத்து வைப்பது அது. முதல் தட்டில் 7 என்றும் இரண்டாம் தட்டில் 5 என்றும் எழுதினால், மூன்றாம் தட்டில் இரண்டன் தொகையாகிய 12 என்பது எழுதப்படும் என்று கொள்க. இரண்டாம் தட்டு அழிந்தால், 12-இல் 7-ஐக் கழித்து 5 என்று மீட்டுக்கொள்ளலாம். உண்மையில் நிகழ்வது கூட்டலன்று, ஒற்றை இரட்டை பார்க்கும் ஒருவகைக் கணக்கு. தொகையும் ஒரே தட்டில் இராது மாறி மாறி அமையும். ஆயினும் கருத்து இதுவே. ஒரு தட்டுப் போனாற் குற்றமில்லை. ஓரிடத்தில் இரண்டு தட்டுகள் போயின் அவ்விடத்துச் செய்தி போனதே.

முதல் தட்டு அரைமணி நேரத்திற்குள் முழுதும் படி எடுபட்டது. இரண்டாம் தட்டு சுழலவேயில்லை. இருமுறை ‘டக்’ என்று ஒலித்து அடங்கிற்று. மூன்றாம் தட்டு சுழன்றது. ஆயின் இடையிடையே படிக்க மறுத்தது. ஆகவே அம்மூன்றாம் தட்டின் ஒவ்வோர் அங்குலமும் எமக்கு உயிராயிற்று. டிடிரெஸ்கியூ என்னும் நிரல் இத்தகைய தட்டுகளுக்கென்றே எழுதப்பெற்றது. அது முதலில் எளிதிற் படிக்கக்கூடிய பகுதிகளையெல்லாம் விரைந்து எடுத்துக்கொள்ளும். மறுக்கும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, பின்னர் மீண்டுவந்து சிறிது சிறிதாக முயலும். எது வந்தது எது வரவில்லை என்பதற்கு ஒரு வரைபடக் கோப்பும் எழுதும். ஆதலின் இடையில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மேசை விசிறியைத் தட்டின்மேல் திருப்பிவைத்து, நால்வகல் நால்இரவு காத்திருந்தோம். மாணவர் இருவரும் முறைவைத்து உறங்கினர். இறுதியில் ஓரிரு நூறு சிறு கூறுகள் மட்டும் வாராது நின்றன.

இரண்டாம் தட்டின் செய்தியை மற்ற இரண்டிலிருந்து கணக்கிட்டு மீட்டோம். தட்டுகளின் வரிசையை முன்னரே எழுதி வைத்தமை இப்பொழுது உதவிற்று. தொகை எம்முறையில் மாறி அமைந்தது, ஒரு துண்டின் அளவு யாது என்பவற்றை மட்டும் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தோம். ஐந்தாம் நாள் மாலை ஒரு நீண்ட ஆங்கில உரைக்கோப்பு இடை முறியாது தலைமுதல் கடைவரை படிக்க வந்தது. அப்பொழுது மாணவருள் ஒருவன் எழுந்து நின்று கை தட்டினான்.

வின்ஐசிஸின் தலைமைக் கோப்பும் கிடைத்தது. அதில் ஒவ்வொரு பதிவும் தன் எண்ணைத் தன் தலையிலேயே தாங்கியுள்ளது. எத்தலைப்பு எவ்விடத்தில் எவ்வளவு நீளத்தில் உள்ளது என்னும் சிறு அட்டவணையும் உடன் உண்டு. ஆதலின் தேடித் தரும் துணைக்கோப்புகள் சிதைந்திருந்தும் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க முடிந்தது. 2,312 குறிப்புகளில் 2,271 முழுமையாக வந்தன, 41 இல்லை. அம்மென்பொருள் திருத்திய பதிவைக் கோப்பின் இறுதியிற் புதிதாக எழுதிவிட்டுப் பழைய வடிவை இருந்த இடத்திலேயே விட்டுவைப்பதுண்டு. அவ்வாறு விடப்பட்ட பழைய வடிவங்களைத் தேடியதில் 17 குறிப்புகள் கிடைத்தன. எஞ்சிய இழப்பு 24.

இனி மீண்டதைப் படிக்கலாம் என்று திரையிற் கொணர்ந்தால், அங்கே தமிழ் இல்லை. மேலே புள்ளியும் கோடும் இட்ட ஐரோப்பிய எழுத்துக்கள் வரி வரியாக நின்றன. நிறுவனத்தார் 90-ஆம் எண்ணை விட்டமைக்குக் காரணமும் அப்பொழுதே விளங்கிற்று; அவர்கள் கண்ணுக்கு அது குப்பையாகத் தோன்றியிருக்கும்.

அதன் காரணம் யாதெனின், அக்காலத்துக் கணினியில் ஓரெழுத்திற்கு 256 இடங்களே உண்டு. முற்பாதியில் ஆங்கிலம் அமர்ந்திருக்கப் பிற்பாதியில் தமிழ் எழுத்துக்களைத் தத்தம் மனம்போல் அடுக்கிக்கொண்டனர். ஓர் எழுத்துருவிற் ககரம் நின்ற இடத்தில் மற்றோர் எழுத்துருவில் மகரம் நிற்கும். இக்குழப்பத்தைத் தீர்க்கவே 1999-ஆம் ஆண்டிற் சென்னையிற் கூடிய தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ‘டாம்’, ‘டாப்’ என்னும் இரு குறியேற்றங்களை அறிவித்தது. உலக மொழிகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் யூனிகோடு முறையில் 1991-ஆம் ஆண்டு முதற்கொண்டே தமிழுக்கும் இடமுண்டு. தமிழக அரசு அதனை ஏற்றது 2010-ஆம் ஆண்டில். எம் பெரியவர் 2000-ஆம் ஆண்டிற் பயன்படுத்தியதோ, இவற்றுள் எதனோடும் ஒவ்வாத ஒரு தனி எழுத்துரு. அதன் அட்டவணை எவரிடத்தும் கிடைக்கவில்லை.

நல்லூழாக, யாம் முழுத்தட்டையும் படியெடுத்திருந்தமையின் அவ்வெழுத்துருக் கோப்பும் அதனுள் இருந்தது. செய்திக் கோப்பு மட்டுமே போதுமென்று எடுத்திருந்தால் இது கைநழுவியிருக்கும். அதன் 256 இடங்களிலும் உள்ள வடிவங்களைத் தாளில் வரைந்து, ஒவ்வொன்றிற்கும் நேரான யூனிகோடு எழுத்தை எழுதி, மாற்றும் நிரல் ஒன்று அமைத்தோம். முதன்முறை மாற்றியபோது ‘தேவை’ என்பதன் ஏகாரக் கொம்பு தனித்து நிற்க, அடுத்துத் ‘தைவ’ என்று வந்தது. பழைய முறையிற் கண்ணுக்குத் தோன்றும் வரிசைப்படி கொம்பை முன்னும் உயிர்மெய்யைப் பின்னுமாக எழுதுவர். யூனிகோடு முறையில் ஒலிக்கும் வரிசைப்படி மெய் முன்னும் உயிர்க்குறி பின்னுமாக வரவேண்டும். அவ்வரிசையை மாற்றியபின் தமிழ் தமிழாயிற்று.

ஆயினும் ஒரு தடை நின்றது. அவ்வெழுத்துருவிற் காலும் ரகரமும் ஏறக்குறைய ஓருருவின. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுதலின், ஒன்றிருக்க மற்றொன்றைப் பல இடங்களில் அடித்திருந்தார். ‘காலம்’ என்பது ‘கரலம்’ என வந்தால் யாமே திருத்திக்கொள்வோம். ‘தரம்’ என்று வந்தது ‘தரம்’ தானோ, ‘தாம்’ என்பதோ? இதனைக் கணினி அறியாது, எழுதியவரே அறிவார். எழுதியவரிடம் செல்லுதலோ, எமக்கு எளிதாயில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் வீட்டிற்குச் சென்றோம். எழுபத்திரண்டு வயது, கண்ணிற் பார்வை பெரிதும் குறைந்திருந்தது. குரலைக்கொண்டு எம்மை அறிந்து, “வா தம்பி, உட்கார்” என்றார். குறிப்புகள் 2011-ஆம் ஆண்டில் விடுபட்டதையும், படித்துப் பாராது கையெழுத்திட்டது யாமே என்பதையும் ஒளியாது கூறினோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “எனக்குத் தெரியும், தம்பி. அடுத்த வருஷமே நூல்நிலையத்துக்கு வந்தபோது பார்த்தேன். குறிப்பெல்லாம் வேண்டாமென்று நீங்கள் எடுத்துவிட்டதாக எண்ணிக்கொண்டேன். வேண்டாதது தானே, எதற்குக் கேட்பானேன் என்று இருந்துவிட்டேன்” என்றார்.

அச்சொல் எம்மைச் சுட்டது. தட்டில் அழிந்த 41 குறிப்புகளினும் பெரிய இழப்பு ஒன்று பன்னிரண்டு ஆண்டுகளாக அம்முதியவர் நெஞ்சில் இருந்து வந்தது என்பதையும், அதனைச் செய்தது பழைய இயந்திரமன்று, யாம் என்பதையும் அன்றுதான் அறிந்தோம்.

அதன்பின் ஐந்து மாதங்கள், வாரத்தில் இருநாள் மாலை, மாணவருடன் அவர் வீடு சென்றோம். யாம் படிப்போம், அவர் கண்களை மூடிக் கேட்டுத் திருத்துவார். “தாம் இல்லை தம்பி, தரம், கட்டடத்தின் தரத்தைச் சொல்லியிருக்கிறேன்” என்பார். சிலவற்றைக் கேட்டு, அந்நூல் எவ்வடுக்கில் இருந்தது என்பதையும் கூறுவார். அந்த வைத்தியர் ஓரக்குறிப்பு எழுதிய நூலும் அவ்வாறே அகப்பட்டது. மாணவி அதனை வெயிலிற் பிடித்துப் படித்தாள்.

அழிந்த 24-க்கும் நூற்பெயர்களைச் சொல்லிக் கேட்டோம். 9 நூல்களின் குறிப்புகளை அவர் தெளிவாக நினைவுகூர்ந்தார்; அவற்றை ‘நினைவிலிருந்து’ என்று குறித்து எழுதிக்கொண்டோம். எஞ்சிய 15-க்கும் நூல்கள் அடுக்கில் இருக்கின்றனவே, பார்த்துத் தக்கவாறு எழுதிவிடலாமே என்று மாணவன் ஒருவன் கூறினான். அவர் தலையசைத்தார். “நூலைப் பார்த்து நீ எழுது, உன் பெயரிட்டு எழுது. நான் எழுதினதாக எழுதாதே. அங்கே ஒரு குறிப்பு இருந்தது, மீளவில்லை என்று மட்டும் போடு” என்றார். இன்றும் எம் நூற்பட்டியலிற் பதினைந்து இடங்களில் அவ்வாறே காணலாம்.

எம் நாட்டிலும் எம் கல்லூரியிலும் மட்டுமே இஃது நிகழ்வது என்று எண்ணவேண்டா. 1086-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அரசனாகிய முதலாம் வில்லியம் எடுப்பித்த டூம்ஸ்டே என்னும் நிலக்கணக்கு ஏடு தோலில் எழுதப்பெற்று இன்றும் படிக்குமாறு உள்ளது. அதன் 900-ஆம் ஆண்டு நினைவாக 1986-இல் பி.பி.சி. நிறுவனத்தார், பள்ளிப் பிள்ளைகள் உள்ளிட்ட மக்கள் பலர் எழுதியவற்றைத் திரட்டி லேசர் ஒளித்தட்டுகளிற் பதித்து வெளியிட்டனர். பதினைந்து ஆண்டுகளுக்குள் அவற்றைப் படிக்கும் கருவி காண்டற்கு அரிதாயிற்று. 2002-ஆம் ஆண்டில் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியாளர், பழைய கருவியின் செயலைப் புதிய கணினியில் மென்பொருளாற் போலச் செய்து காட்டிய பின்னரே அதனை மீட்கும் வழி தெளிவாயிற்று. தட்டு கெடாதிருந்தும் படிப்பாரும் படிக்கும் கருவியும் இல்லையாயின் அஃது அழிந்ததனோடு ஒக்கும்.

இனி, யாம் இப்பொழுது செய்துவரும் ஏற்பாட்டைச் சுருக்கிக் கூறுதும். நூற்பட்டியலுக்கு மூன்று படிகள் உள. அவை இருவகைச் சாதனங்களில் வைக்கப்பெற்றுள்ளன. ஒன்று கல்லூரிக்கு வெளியே வேற்றூரில் இருக்கின்றது. எந்த மென்பொருளுமின்றிப் படிக்கத்தக்க வெறும் உரைவடிவமும், எழுத்துரு அட்டவணையும், எவ்வெண் எத்தலைப்பைக் குறிக்கும் என்னும் விளக்கமும் ஒவ்வொன்றனோடும் உண்டு. கோப்பில் ஓரெழுத்து மாறினும் காட்டிக் கொடுக்கும் சரிபார்ப்பு எண்ணும் எழுதி வைத்துள்ளோம். இவையெல்லாம் எவரும் செய்யக்கூடியவை. இவற்றினும் மேலாக யாம் கருதுவது வேறொன்று. ஆண்டுதோறும் கல்லூரி திறந்த முதல் வாரத்தில் ஐம்பது பதிவுகளைக் கண்டபடி எடுத்து, மாணவர் இருவர் தலைமுதல் கடைவரை வாய்விட்டுப் படிக்கவேண்டும். படித்த பின்னரே எவரேனும் கையெழுத்திடலாம்.

மாணவ நண்பர்களே! உங்களிற் பலர் நாளை அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் பழைய கணினியிலிருந்து புதியதற்குச் செய்திகளை மாற்றும் பொறுப்பில் அமர்வீர்கள். எண்ணிக்கை ஒத்தது என்று நிறைவு கொள்ளாதீர்கள். கண்ணுக்குக் குப்பையாகத் தோன்றுவது மற்றொருவர் ஒன்பதாண்டு உழைப்பாயிருத்தல் கூடும். அதனை எழுதியவர் உயிருடன் இருப்பாராயின், பழைய இயந்திரத்தைத் திறக்குமுன் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். யாம் அதனைப் பன்னிரண்டு ஆண்டுகள் காலந்தாழ்த்திச் செய்தோம்.

சென்ற ஜூன் மாதத்து வாசிப்பிற்கு அப்பெரியவரையும் அழைத்து வந்திருந்தோம். ஐம்பது பதிவுகளையும் இருந்து கேட்டார். எழுந்து செல்லுங்கால், “அந்த 33-ஆம் பக்கம் இல்லாத புத்தகத்துக்கு வேறு பிரதி கிடைத்ததா, தம்பி?” என்று வினவினார். இன்னும் கிடைக்கவில்லை, தேடிவருகின்றோம்.